நத்தைக்கல் கப்பலேறிய கதை

பெரம்பலூர் மாவட்டத்தில் காரைக்கும் கொளக்காநத்தத்துக்கும் நடுவே நிலம் ஓரிடத்தில் சட்டென்று முகம் மாறிவிடும். பருத்தியும் மக்காச்சோளமும் நின்றுபோய், செம்மண்ணும் சாம்பல் களிமண்ணுமாக மழை அரித்த மேடுபள்ளங்கள் தொடங்கும். வேலிக்கருவை அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும். வெயிலில் கண்ணைக் கூசவைப்பவை ஜிப்சம் சில்லுகள். ஐப்பசி மழை விட்ட பிறகு போனால், ஓடைச் சரிவில் மண் கரைந்து, சுருண்ட கல் ஒன்று பாதி உடம்பை வெளியே காட்டிக்கொண்டிருக்கும். ஆடு மேய்ப்பவர்களுக்கு அது நத்தைக்கல். பார்த்துப் பார்த்துப் பழகிய சாமான் என்பதால் யாரும் குனிந்து எடுப்பதில்லை.

எடுத்துப் பார்க்கலாம். உள்ளங்கை அளவுதான் இருக்கும், ஆனால் கனக்கும். நடுவிலிருந்து கிளம்பி வெளிநோக்கி அகன்றுகொண்டே போகும் சுருள். சுருளின் முதுகில் விலா எலும்புபோல வரிவரியாக மேடுகள். ஒரு பக்கம் தண்ணீரில் உருண்டு தேய்ந்திருக்கும். ஓடு உரிந்துபோன இடத்தில் கூர்ந்து பார்த்தால், கம்பிக்கோலம் போட்டதுபோல வளைந்து வளைந்து ஓடும் மெல்லிய கோடுகள் தெரியும். உள்ளே இருந்த அறைகளின் சுவர்கள் ஓட்டைத் தொட்ட இடங்கள் அவை. எந்த இனம் என்று அடையாளம் சொல்ல நிபுணர்கள் முதலில் தேடுவது இந்தக் கோடுகளைத்தான்.

இதன் பெயர் அம்மோனைட். பார்வைக்குத்தான் நத்தை, உறவெல்லாம் கணவாயோடும் ஆக்டோபசோடும். உயிர் கடைசி அறையில் குடியிருக்கும். மற்ற அறைகளில் காற்றை நிரப்பிக்கொண்டு கடலில் மிதக்கும், முங்கும். ஏறக்குறைய 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்களோடு சேர்ந்து பூண்டற்றுப் போன குலம் இது.

பெரம்பலூர் ஊர் நிற்பது மிகப் பழைய கெட்டிப் பாறையின்மேல். அங்கிருந்து கிழக்கே, தென்கிழக்கே இறங்கினால் குன்னம், அரியலூர், செந்துறை என்று நாம் பேருந்தில் கடக்கும் நிலம் பெரும்பாலும் கடலடியாக இருந்தது. அண்டார்ட்டிகாவும் ஆஸ்திரேலியாவும் ஒட்டியிருந்த பெருங்கண்டத்திலிருந்து இந்தியா பிய்த்துக்கொண்டு கிளம்பியபோது கிழக்குக் கரை நெடுகப் பிளந்தது. அந்தப் பள்ளங்களில் ஒன்றுதான் காவிரிப் படுகை. சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் உள்ளே ஏறி, இன்றைய ஊட்டத்தூர், காரை வரைக்கும் வந்தது. பின்பு பலமுறை முன்னும் பின்னும் போய் ஒருவழியாகக் கிழக்கே பின்வாங்கிக்கொண்டது. சேற்றில் புதைந்த அம்மோனைட்டைத் தூக்கிக்கொண்டு இந்தியத் தட்டு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வடக்கே வந்தது. ஆகவே கப்பலைப் பார்ப்பதற்கு முன்பே இந்தக் கல் நெடுந்தூரப் பயணிதான். அந்தப் பயணத்துக்கு அதிகாரி இல்லை, ரசீது இல்லை. பிற்பாடு வந்த பயணத்துக்கு இரண்டும் இருந்தன.

1840-களின் தொடக்கத்தில் இந்தப் பகுதி திருச்சினாப்பள்ளி மாவட்டம். ஆண்டது கிழக்கிந்தியக் கம்பெனி. இங்கிலாந்தில் ஹெய்லிபரி கல்லூரியில் படித்துவிட்டு, மீசை முளைக்கும் வயதில் கப்பலேறி வந்து, வரி வசூலும் வழக்கு விசாரணையுமாகக் காலம் தள்ளிய மதராஸ் சிவில் சர்வீஸ்காரர்களின் ராஜ்யம் அது. அவர்களில் பெரும்பாலோருக்கு இங்கே வேரூன்றும் எண்ணம் இல்லை. சர்வீஸ் முடிந்தால் பென்ஷன், பென்ஷன் வந்தால் இங்கிலாந்து. நடுவில் காய்ச்சலோ காலராவோ வந்தால் கோட்டைக்குப் பக்கத்திலோ கன்டோன்மென்டிலோ ஒரு கல்லறை. ஆஸ்திரேலியாவிலும் நேட்டாலிலும் போல நிலத்தை வளைத்துப் பண்ணை போட்டு உட்கார்ந்தவர்கள் அல்லர் இவர்கள், வந்து போகிறவர்கள். வந்து போகிறவனுக்கு நிலத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஆனால் நிலத்தில் கிடப்பதை முடியும். வண்ணத்துப்பூச்சி, பறவைத்தோல், உலர்ந்த செடி, சிலை, நாணயம், கல் என்று ஒவ்வொருவரும் தத்தம் ருசிக்கேற்பப் பெட்டி கட்டினார்கள். பொழுதுபோக்கு என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் அந்தக் காலத்து லண்டனில் புதிய கல் ஒன்றைக் காட்டி ஒரு கட்டுரை வாசித்துவிட்டால் கிடைக்கும் மரியாதை, கலெக்டர் கச்சேரியில் முப்பது வருஷம் உட்கார்ந்தாலும் கிடைக்காது.

சார்லஸ் டர்ட்டன் கேயும் புரூக் கன்லிஃபும் அப்படிப்பட்ட இருவர். புதுச்சேரிக்கு அருகே வழுதாவூர்ப் பக்கம், விருத்தாசலம், திருச்சி மாவட்டம் என மூன்று இடங்களில் கடல் உயிரினக் கற்களைச் சேர்த்தார்கள். சூயஸ் கால்வாய் திறக்க இன்னும் கால் நூற்றாண்டுக்கு மேல் இருந்தது. அந்தக் கற்கள் லண்டன் நிலவியல் சங்கத்துக்குப் போய்ச் சேர்ந்தன. மீன்களின் பற்களும் எலும்புகளும் சர் பிலிப் எகர்ட்டன் கைக்குப் போயின. சிப்பி, சங்கு, அம்மோனைட் முதலியவை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் மேசைக்கு வந்தன.

ஃபோர்ப்ஸ் ஐல் ஆஃப் மேன் தீவில் பிறந்தவர். கடல் உயிரினங்களில் கில்லாடி. ஏஜியன் கடலில் இழுவலை போட்டுப் பார்த்துவிட்டு, 300 பாக ஆழத்துக்குக் கீழே கடலில் உயிரே கிடையாது என்று கருதியவரும் இவர்தான். அது பிசகு என்று பின்னால் தெரிந்தது. இந்தியாவுக்கு அவர் வந்ததில்லை. ஆனால் கேயும் கன்லிஃபும் அனுப்பிய பெட்டியைப் பார்த்து, இவை கிரெட்டேசியஸ் காலத்தவை என்று சொன்னது சரியாக இருந்தது. 1846-இல் அவருடைய அறிக்கை வெளிவந்தது. அதில் அம்மோனைட்டுகளுக்கு அவர் வைத்த பெயர்கள் வேடிக்கையானவை: இந்திரன், வருணன், சூரியன், பிரமன், சிவன், கணேசன், சோமன், மனு, சுகதன், கௌதமன். நம்முடைய தெய்வக் கூட்டத்தையும் புத்தரையும் வரிசையாக அழைத்து ஆளுக்கொரு ஓட்டைக் கொடுத்துவிட்டார். இந்தப் பெயர் பெற்ற ஓடுகளில் பல புதுச்சேரிப் பக்கத்தவை. ஆனால் கடல் ஒன்றுதான். சாமி பெயர்களுக்கு நடுவே கே, எகர்ட்டன் போன்ற துரைமார் பெயரும் உண்டு. கல்லைக் கண்டவருக்கும் கண்டதைப் படித்தவருக்கும் பங்கு கிடைத்தது.

ஓடையைக் காட்டியவனுக்கு இல்லை. எந்தக் கொல்லையில் ஏர் ஓட்டினால் சிப்பி கிளம்பும், எந்த வாய்க்கால் கரையில் சுருண்ட கல் உதிரும் என்பதை மாட்டோடு அலைகிறவன்தான் அறிவான். கச்சேரி பியூனோ மணியக்காரரோ ஒரு சொல் சொல்லாமல், குதிரையில் போகிற துரைக்கு அந்த ஓடை எப்படித் தெரியும்? அறிக்கையில் இதற்கெல்லாம் இடம் இல்லை. குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அக்காலத்து அறிவியல் கணக்கு வைத்த முறை அது. தேசிங்கு ராஜா கதையில் குதிரைக்குப் பெயர் இருக்கும்; இந்தக் கதையில் வழிகாட்டிக்குப் பெயர் இல்லை.

பெயர் வைப்பதோடு இன்னொன்றும் நடந்தது. ஓர் இனத்துக்கு முதன்முதலில் பெயர் சூட்டும்போது கையிலிருந்த அந்தக் குறிப்பிட்ட கல்லே அந்த இனத்துக்கு என்றென்றைக்கும் அளவுகோல் ஆகிவிடும். உலகத்தில் எங்கே அதுபோல ஒன்று கிடைத்தாலும் முதல் கல்லோடு ஒப்பிட்டுத்தான் முடிவு சொல்ல வேண்டும். நிலவியல் சங்கம் வைத்திருந்த அயல்நாட்டுக் கற்கள் 1911-இல் பிரிட்டிஷ் மியூசியத்தின் இயற்கை வரலாற்றுப் பிரிவுக்கு மாறின. தென் கென்சிங்டனில், எண் எழுதிய சீட்டோடு, இந்திரனும் பிரமனும் இழுப்பறையில் இருக்கிறார்கள். தமிழ்நாட்டு ஓடையில் இன்று ஒருவன் அதே இனத்தைக் கண்டெடுத்தால், தீர்ப்புக்கு லண்டன் போக வேண்டும். கோர்ட்டு இங்கே, அப்பீல் பிரிவி கவுன்சிலில் என்று இருந்த காலத்து ஏற்பாடு கல் விஷயத்தில் மட்டும் இன்னும் தீரவில்லை.

புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்ததால் அந்தப் பக்கத்துக் கற்கள் சில பாரிசுக்கும் போயின. ஆல்சிட் டார்பிஞி அவற்றைப் படித்தார். அவர் வைத்த பெயரா ஃபோர்ப்ஸ் வைத்த பெயரா என்று பின்வந்தவர்கள் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. அந்த வழக்குக்குள் போனால் திரும்பி வர முடியாது.

அடுத்த கட்டம் வேறு மாதிரி. தனி ஆளின் பெட்டி போய், சர்க்கார் கூடாரம் வந்தது. 1851-இல் தாமஸ் ஓல்டாம் தலைமையில் இந்திய நிலவியல் ஆய்வுத்துறை கல்கத்தாவில் தொடங்கியது. நிலக்கரி தேடத்தான் துறை; ஆனால் நிலக்கரி எங்கே இருக்கும் என்று தெரிய, எந்தப் பாறை எந்த வயது என்று தெரிய வேண்டும். ஹென்றி பிரான்சிஸ் பிளான்ஃபோர்ட் 1855-இல், இருபத்தோரு வயதில், அண்ணன் வில்லியமோடு சேர்ந்து வந்திறங்கினார். ஒடிசாவின் தால்ச்சேரில் வேலை பார்த்துவிட்டுத் தெற்கே அனுப்பப்பட்டார். தென்னார்க்காடு, திருச்சி மாவட்டங்களில் இந்தக் கடல் படிவு முழுவதையும் நடந்து அளந்தவர் அவர். கீழிருந்து மேலாக மூன்று அடுக்கு என்று பிரித்தார்: ஊட்டத்தூர், திருச்சினாப்பள்ளி, அரியலூர். 1862-இல் அச்சான அந்தப் பிரிவுதான் இன்றைக்கும் அடித்தளம். உலகத்தின் எந்தப் பல்கலைக்கழகத்தில் தென்னிந்திய கிரெட்டேசியஸ் பாடம் நடந்தாலும் ‘அரியலூர்’ என்று உச்சரித்தே ஆகவேண்டும், நாக்கு எப்படிச் சுழன்றாலும் சரி. பின்வந்தவர்கள் அரியலூர் அடுக்கையே சில்லக்குடி, கல்லங்குறிச்சி, ஒட்டக்கோவில், கல்லமேடு என்று மேலும் பிரித்தார்கள். அதற்கும் மேலே நின்னியூர். எல்லாம் டவுன் பஸ் போகும் ஊர்கள்.

பிளான்ஃபோர்ட் வாழ்க்கையின் பின்பாதி தனிக்கதை. கல்லை விட்டுவிட்டு வானத்தைப் பார்க்கப் போனார். 1875-இல் இந்தியாவின் முதல் வானிலை அறிக்கையாளர் ஆனார். இமயத்தில் பனி மிகுந்தால் பருவமழை குறையும் என்ற கணிப்பு அவருடையது. வானம் பார்த்த பூமி என்று பெயரெடுத்த பெரம்பலூரை நடந்து அளந்தவர் மழைக்கணக்கில் போய் முடிந்தது பொருத்தம்தான்.

அவர் சேர்த்த கற்கள் கல்கத்தாவுக்குப் போயின. அங்கே அவற்றுக்காகக் காத்திருந்தவர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. மொராவியாவில் 1838-இல் ஒரு காட்டிலாகா ஊழியரின் மகனாகப் பிறந்து, வியன்னாவில் படித்து, 1862-இல் கல்கத்தா வந்தவர். ஆங்கிலேயர் அல்லர், ஆங்கிலேயப் பேரரசின் சம்பளக்காரர். குடியேற்ற நாடுகளின் அறிவியலில் இப்படிப்பட்ட மத்திய ஐரோப்பியர்கள் பலர் உண்டு: சொந்த நாட்டுக்குக் கடல்கடந்த ராஜ்யம் இல்லாததால், அடுத்தவர் ராஜ்யத்தில் வேலை தேடி வந்தவர்கள். 1863 முதல் 1873 வரை பத்தாண்டு, அம்மோனைட், சங்கு, சிப்பி, பவழம் என ஒவ்வொன்றாக எடுத்து, வரைந்து, விவரித்து, தென்னிந்திய கிரெட்டேசியஸ் உயிரினங்கள் குறித்து நான்கு பெரிய தொகுதிகளை முடித்தார். அதே 1873-இல் யார்க்கண்டுக்குப் போன தூதுக்குழுவோடு மலையேறினார். திரும்பும் வழியில், 1874 ஜூனில், லடாக்கின் முர்கோ அருகே மூச்சுத் திணறி இறந்தார். வயது 36. கல்லறை லே நகரில் இருக்கிறது. ஒருகாலத்தில் கடலடியாக இருந்து உயர்ந்துவிட்ட மலைத்தொடரில், கடல் உயிரினக் கற்களைப் படித்தவர் புதைந்திருக்கிறார்.

ஸ்டோலிச்கா எழுதிய பக்கங்களில் ஒரு பெயர் என்னை நிறுத்திவிடும்: ‘கார்டெனி’. ராபர்ட் கார்டென் என்ற பிரிட்டிஷ் ராணுவ கேப்டன் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் எல்லையில், உம்தாம்வுனா ஆறு கடலில் கலக்கும் பக்கத்தில், சில கற்களைப் பொறுக்கினார். 1855-இல் வில்லியம் பெய்லி அவற்றை லண்டனில் விவரித்தபோது, ஓர் அம்மோனைட்டுக்கு கேப்டன் பெயரை வைத்தார். அதே இனம் அரியலூர்ப் படிவிலும் கிடைக்கிறது. கடல் நடுவே கிடக்க, இரண்டு கரைகளிலும் ஒரே ஓடு. பேரரசின் இரண்டு மூலைகளில் இரண்டு அதிகாரிகள், ஒருவரையொருவர் அறியாமல், ஒரே பிராணியைப் பொறுக்கியிருக்கிறார்கள்.

கார்டென் கல் பொறுக்கிய சில ஆண்டுகளில், 1860 நவம்பர் 16 அன்று, மதராஸிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல் நேட்டாலில் ஒப்பந்தக் கூலிகளை இறக்கியது. வெள்ளைக் குடியேறிகள் போட்ட கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. அந்தக் கப்பலுக்குப் பின் வந்த கப்பல்களிலும் தமிழ் பேசுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் போனார்கள். அவர்களுக்கும் சீட்டு எழுதி எண் போட்டார்கள். ஊர், தாலுகா, சாதி, உடம்பில் உள்ள மச்சம் வரை. கல்லுக்கு எழுதிய சீட்டும் கூலிக்கு எழுதிய சீட்டும் ஒரே கச்சேரிப் பழக்கத்திலிருந்து வந்தவை. ஒரு வித்தியாசம்: கல்லின் சீட்டில் ஊர்ப்பெயர் பிழையாக இருந்தால் அதைத் திருத்த அறிஞர்கள் பாடுபட்டார்கள்.

நேட்டாலுக்கும் அரியலூருக்கும் உள்ள உறவை மனிதர்களும் சுமந்தார்கள். கார்ல் லுடால்ஃப் கிரீஸ்பாக் என்ற ஆஸ்திரியர் 1871-இல் நேட்டாலின் நிலவியலை எழுதினார். 1878-இல் கல்கத்தா துறையில் சேர்ந்தார். 1894-இல் அதன் தலைவர் ஆனார். அந்த 1890-களில்தான் அடுத்த பெட்டி கப்பலேறியது. வார்த் என்ற ஜெர்மானியர் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கமெல்லாம் சேர்த்த அம்மோனைட்டுகள் இம்முறை வியன்னாவுக்குப் போயின. அங்கே ஃபிரான்ஸ் கோஸ்மட் என்ற இருபத்துச் சொச்ச வயது இளைஞர் அவற்றைப் பிரித்து அடுக்கினார். கோண்டுவானா என்ற பழங்கண்டத்துக்குப் பெயர் வைத்த எட்வர்ட் சூஸ் இருந்த நகரம் அது. அரியலூர் ஓடுகள் மடகாஸ்கர், நேட்டால், ஜப்பான் ஓடுகளோடு எவ்வளவு நெருக்கம் என்று காட்டி, அந்தக் காலத்துக் கடல்கள் எப்படி இணைந்திருந்தன என்பதை எழுதினார் கோஸ்மட்.

ஃபோர்ப்ஸ்போல அவர் தெய்வங்களை அழைக்கவில்லை, ஊர்களை அழைத்தார். குன்னம் தாலுகாவின் வரகூர் அப்படித்தான் ஒரு பெயரானது: காட்ரிசெரஸ் வரகூரென்ஸ். காரைப்பாடிக்கும் ஓர் இனம் கிடைத்தது. பிறகு அதை வைத்து ‘கரப்பாடிட்டெஸ்’ என்று ஒரு பேரினமே வந்தது. ஊட்டத்தூர் ‘உட்டட்டூரிசெரஸ்’ ஆனது. கோஸ்மட்டுக்கும் ஸ்டோலிச்காவுக்கும் பிறகு மற்றவர்கள் அவரவர் பெயரில் பேரினங்கள் வைத்துக் கடனைத் தீர்த்தார்கள். வரகூர்ப் பெயர் தாங்கிய ஓட்டைப் பற்றி வேறு கண்டங்களின் ஆய்வாளர்களும் எழுதுகிறார்கள். தங்கள் ஊர்ப் பெயர் அவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று வரகூரில் டீக்கடையில் சொன்னால், “அப்ப பட்டா யாரு பேர்ல இருக்குங்க?” என்று யாராவது கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

போகாமல் தங்கிய ஒருவரையும் சொல்ல வேண்டும். ராபர்ட் புரூஸ் ஃபூட் 1858-இல் துறையில் சேர்ந்தார். வில்லியம் கிங்கோடு சேர்ந்து சேலம், திருச்சி, தஞ்சை, தென்னார்க்காட்டு நிலவியலை எழுதினார். 1863-இல் பல்லாவரத்தில் கற்காலக் கருவியைக் கண்டெடுத்தவர் என்பதால் நம் பள்ளிப் புத்தகத்துக்கும் அவர் தெரிந்தவர். ஓய்வுக்குப் பின் கடைசிக் காலத்தில் ஏற்காட்டில் வீடு கட்டிக் குடியிருந்தார். அவர் நாற்பது ஆண்டுகளாகச் சேர்த்த தொல்கருவிகளை மதராஸ் அரசு விலைகொடுத்து வாங்கியது. எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இங்கேயே தங்கிவிட்டவரின் சேகரம் இங்கே தங்கியது, போனவர்களின் சேகரம் போய்விட்டது என்று இதை விதியாக்க நான் துணியமாட்டேன். ஆனாலும் பல்லாவரத்துக் கல்லை எழும்பூரில் பார்த்துவிட்டு மின்சார ரயிலில் வீடு திரும்பலாம் என்பது சின்ன விஷயம் இல்லை.

துரைமார் வீட்டு மேசைக்கும் இந்தக் கடல் போனது. கருடமங்கலம் பக்கத்தில் கிடைக்கும் சுண்ணாம்புக்கல்லில் சிப்பிகளும் சங்குகளும் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும். மெருகேற்றினால் சாம்பல் பின்னணியில் வெள்ளைச் சுழிகளாக அவை துலங்கும். ‘டிரிச்சினாப்பள்ளி மார்பிள்’ என்று அதற்குப் பெயர். அறுத்து மெருகிட்டு மேசைப்பலகையாக, காகிதக்கனமாகப் புழங்கினார்கள். லண்டனில் எந்தக் கூடத்திலோ அது தேநீர்க் கோப்பை தாங்கிக்கொண்டிருந்தால் ஆச்சரியமில்லை.

1940-இல் நிலைமை ஒரு சிறு திருப்பம் கண்டது. தஞ்சை மாவட்டத்தில் பிறந்த எம்.எஸ். கிருஷ்ணன், பெரம்பலூருக்குத் தெற்கே சாத்தனூரில் ஓடைக்கரையில் ஒரு கல்மரத்தைக் கண்டு எழுதினார். 18 மீட்டருக்குமேல் நீளம். கடற்கரைக் காட்டில் நின்ற ஊசியிலை மரம் ஒன்று ஆற்றோடு வந்து கடலில் மூழ்கி, சேற்றில் புதைந்து, சிலிக்கா ஊறிக் கல்லாகியிருக்கிறது. பட்டையின் வரி, கணு எல்லாம் அப்படியே. தொட்டால்தான் கல் என்று தெரியும். பெட்டியில் அடங்காத சாமான் என்பதும், கண்டவர் உள்ளூர்க்காரர் என்பதும் சேர்ந்து, மரம் கிடந்த இடத்திலேயே கிடக்கிறது. சுற்றி வேலி போட்டுத் தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாகக் காக்கிறார்கள். கிருஷ்ணன் பின்னாளில் நிலவியல் துறையின் முதல் இந்தியத் தலைவர் ஆனார்.

அதற்கு ஓராண்டு முன்பு, 1939-இல், கல்லக்குடியில் டால்மியா சிமென்ட் ஆலை வந்திருந்தது. இங்கிருந்துதான் நத்தைக்கல்லின் பெரிய பயணம் தொடங்குகிறது. கேயும் வார்த்தும் கொண்டுபோனது வண்டிக் கணக்கு; இது ரயில் கணக்கு. 1953-இல் டால்மியாபுரம் என்ற பெயர்ப் பலகையை மாற்றத் தண்டவாளத்தில் தலைவைத்துப் படுத்த போராட்டம் தமிழக அரசியலையே திருப்பியது. ரயில் நிலையம் பின்பு கல்லக்குடி ஆனது. ஆனால் அந்த ஊரின் பவழச் சுண்ணாம்புப் படிவுக்கு நிலவியல் நூல்களில் இன்னும் டால்மியாபுரம் என்றுதான் பெயர். அந்தப் பலகையை மாற்ற யாரும் படுக்கவில்லை.

அரியலூரில் தமிழ்நாடு அரசு சிமென்ட் ஆலை 1979-இல் வந்தது. பிறகு தனியார் ஆலைகள் வரிசையாக வந்தன. எல்லோரும் தேடி வந்தது முக்கியமாகக் கல்லங்குறிச்சி அடுக்கை. கலியுக வரதராசப் பெருமாள் கம்ப வடிவில் நிற்கும் அதே கல்லங்குறிச்சி. அங்கே சுண்ணாம்புக்கல் என்பது ஏறக்குறைய முழுக்கவும் சிப்பிதான். உள்ளங்கையில் அடங்காத கெட்டிச் சிப்பிகள், ஒன்றன்மேல் ஒன்றாகப் படுகை படுகையாக. சுரங்க வெட்டுமுகத்தின்முன் நின்றால், சுவர் முழுக்க வரிசையாக வெட்டுப்பட்ட ஓடுகள், இரண்டு மூன்று ஆள் உயரத்துக்கு. வெடி வைத்துத் தகர்த்து, டிப்பரில் ஏற்றி, நொறுக்கி, களிமண்ணோடு அரைத்து, சுமார் 1450 டிகிரி சூட்டில் சுட்டு, ஜிப்சம் சேர்த்துப் பொடியாக்கினால் மூட்டை தயார். இந்த மாவட்டங்களில் ஆலை வருவதற்கு முன்பும் காளவாயில் சுண்ணாம்பு சுட்டுச் சுவர் பூசியவர்கள் உண்டு. ஆனால் அளவு வேறு. தமிழ்நாட்டில் எத்தனையோ மேம்பாலத்திலும் மாடிவீட்டிலும் இந்தக் கடல் கரைந்திருக்கிறது. எந்த இனம், யார் பெயர் என்று யாரும் சீட்டு எழுதவில்லை.

அப்படியானால் லண்டனுக்குப் போனவையே தப்பித்தன என்று சொல்லலாமா? சொல்லத் தயக்கமாக இருக்கிறது; சொல்லாமல் விடவும் முடியவில்லை. கல்லமேடு ஒரு சாட்சி. அங்கே டைனோசர் எலும்புகள் இருப்பது பிளான்ஃபோர்ட் காலத்திலிருந்தே தெரியும். 1920-களில் சார்லஸ் மேட்லி வந்து தேடினார். 1980-களில் நிலவியல் துறையின் யாதகிரியும் அய்யாசாமியும் அங்கே கிடைத்த பிரம்மாண்ட எலும்புகளை விவரித்து, மேட்லியின் நினைவாக ‘புருஹத்காயோசாரஸ் மேட்லியி’ என்று பெயர் வைத்தார்கள். முழங்காலுக்குக் கீழ் எலும்பு மட்டும் இரண்டு மீட்டர். முதலில் ஊனுண்ணி என்று எழுதப்பட்டது; பிறகு தழையுண்ணி என்றும், 100 டன்னுக்கும் மேலிருக்கலாம் என்றும் கணித்தார்கள். அப்படியானால் பூமியில் நடந்த மிகப் பெரிய விலங்குகளில் ஒன்று. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க இன்று எலும்பு இல்லை. மழையில் ஊறிய களிமண்ணிலிருந்து எடுத்தவை நொறுங்கிப் பொடியாகிவிட்டன. மிஞ்சியவை கோட்டோவியங்களும் சில படங்களும். 1846-இன் உள்ளங்கை ஓடு எண்ணோடு பத்திரமாக இருக்க, நாமே கண்ட, நாமே பெயர் வைத்த பூதம் கைநழுவிவிட்டது. பேரரசின் கொடையென்று இதைப் படிப்பவர்கள் பாதிதான் படிக்கிறார்கள். களத்தில் எலும்பைக் கெட்டிப்படுத்தி எடுக்கும் கருவியும் பணமும் பயிற்சியும் எந்த ஊரில் குவிந்து கிடந்தன, ஏன் குவிந்தன என்பது மறுபாதி.

ஊர்மக்கள் ஆர்வமில்லாதவர்கள் என்பதும் பொய். 2020 அக்டோபரில் குன்னம் ஏரியில் மண் எடுத்தபோது உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைத்தன. டைனோசர் முட்டை என்று செய்தி பரவி, கூட்டம் திரண்டது. கைப்பேசியில் படம் பறந்தது. ஆய்வாளர்கள் வந்து பார்த்து, முட்டையில்லை, அம்மோனைட்டைச் சுற்றிப் படிவு திரண்ட உருண்டைகள் என்றார்கள். கூட்டத்துக்கு ஏமாற்றம். ‘வெறும் நத்தைக்கல்லா’ என்று கலைந்தார்கள்.

இந்தியாவில் புதைபடிவங்களைக் காக்கத் தனிச் சட்டம் கொண்டுவர 2022 டிசம்பரில் சுரங்க அமைச்சகம் ஒரு வரைவை வெளியிட்டது. வரைவு நிலையிலேயே அதன்மீது சச்சரவுகள் எழுந்தன: அதிகாரம் முழுவதும் ஒரே துறையின் கையில் குவிகிறது என்று ஆய்வாளர்கள் சிலர் எதிர்த்தார்கள். அரியலூருக்குப் பக்கத்தில் வாரணவாசியில் தமிழக அரசு புதைபடிவ அருங்காட்சியகம் ஒன்றை அமைத்திருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வேனில் வந்து கண்ணாடிக்குள் அம்மோனைட்டைப் பார்த்துப் போகிறார்கள். நல்ல காரியம். ஃபோர்ப்ஸ் பெயர் வைத்த முதல் கல்லின் வார்ப்பு ஒன்றாவது அங்கே வைத்தால் இன்னும் நல்லது. வார்ப்பு எடுத்துக் கொடுப்பது அருங்காட்சியகங்களுக்கிடையே வழக்கமான காரியம்தான், ராஜதந்திரமெல்லாம் தேவையில்லை.

அரியலூர் அரசு கலைக் கல்லூரியின் நிலவியல் மாணவர்களும், வெளியூர்ப் பல்கலைக்கழகக் குழுக்களும், வெளிநாட்டு ஆய்வாளர்களும் சுத்தியலோடு முதலில் போய் நிற்கும் இடம் ஓடையல்ல, சுரங்கம். பிளான்ஃபோர்ட் நடந்தபோது மண்ணுக்கடியில் மறைந்திருந்த அடுக்குகளை வெடியும் பொக்லைனும்தான் சுவர்போல நறுக்கி நிறுத்தியிருக்கின்றன. படிவை அழிக்கிற கைதான் அதைப் படிக்கவும் திறந்துவைத்திருக்கிறது. தோண்டி முடித்த குழிகளில் தண்ணீர் ஏறிவிடும். அடியடுக்கு முதலில் முங்கும். அதனால் வாட்ச்மேனிடம் அனுமதிச் சீட்டைக் காட்டி, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, சித்திரையில் வறண்டிருக்கும்போதே இறங்கி அளந்துவிடுகிறார்கள்.